ஐப்பசி ஈரத்தோடு மூடிய ஐந்து பெட்டிகள்

2023-ல் விஜயதசமி அக்டோபர் 24-ஆம் தேதி வந்தது. அன்று இரவு வழக்கம்போல கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் காலை படியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தேன். மொத்தம் 132 பொம்மைகள். பெரியவர்கள் இருந்தவரை கட்டி வைக்கும் வேலை அவர்கள் கையில் இருந்தது. அந்த வருஷம்தான் முதல்முறையாக முழுப் பொறுப்பும் எனக்கு வந்தது. பழைய தகரப் பெட்டிகள் துருப்பிடித்துப் போயிருந்ததால், மூடி இறுக்கமாக அடையும் 60 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிகள் ஐந்து புதிதாக வாங்கினேன். ஒவ்வொரு பொம்மைக்கும் முதலில் செய்தித்தாள், அதன்மேல் பபுள் ராப். பெட்டிக்கு ஈரம் இழுக்கும் 5 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு, நான்கு அந்துருண்டைகள். மூடி விளிம்பைச் சுற்றி பிரவுன் டேப். ராத்திரி பதினோரு மணிக்குள் ஐந்து பெட்டியும் குளியலறைக்கு மேலே இருக்கும் லாஃப்டில் ஏறிவிட்டன. வடகிழக்குப் பருவமழை தொடங்கி நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. காற்று பிசுபிசுவென்று இருந்தது. அந்தப் பிசுபிசுப்புக்கும் என் பெட்டிகளுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டுப் போனது. குளியலறை வெளிச்சுவர் ஈரம் இழுத்து, லாஃப்டின் உட்பக்கம் பெயிண்ட் பொரிந்துவிட்டது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். பெட்டிகளின் வெளிப்புறம் காய்ந்திருந்தது, டேப் எங்கும் பிரியவில்லை. தண்ணீர் உள்ளே போகவில்லை என்று நிம்மதியாக இறங்கிவிட்டேன். அன்றைக்கு ஒரே ஒரு பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கலாம். தண்ணீர் வெளியிலிருந்து வந்தால்தான் ஆபத்து என்று நம்பியிருந்தேன். உள்ளே இருந்ததோ, நானே வைத்து மூடிய தண்ணீர்.

2024 அக்டோபர் 2, மகாளய அமாவாசை. கலசம் வைக்க வேண்டிய நாள். முதல் பெட்டியின் டேப்பைக் கிழித்ததும் அடித்த நெடி இன்னும் நினைவில் இருக்கிறது. மட்கின காகிதமும் அந்துருண்டையும் கலந்த நெடி. தண்ணீரில் கரையும் டிஸ்டம்பர் வர்ணம் பூசிய சுட்ட களிமண் பொம்மைகளில் வெள்ளை ரோமம் போலப் பூசணம் படர்ந்திருந்தது. செய்தித்தாள் ஈரத்தில் ஒட்டிக் காய்ந்ததால், உரித்தபோது வர்ணமும் சேர்ந்து வந்தது. மகாலட்சுமியின் புடவை மேல் செய்தித்தாள் எழுத்துகள் தலைகீழாக அச்சாகியிருந்தன. எனாமல் என்னும் எண்ணெய் வர்ணம் பூசிய பெரிய பொம்மைகளுக்குப் பூசணம் குறைவு. ஆனால் மே மாதச் சூட்டில் வர்ணம் இளகி, தாள் விலகிய இடங்களில் பபுள் ராப்பின் வட்டங்கள் முகத்திலும் கையிலும் பதிந்திருந்தன. காகிதக் கூழ் பொம்மைகள் உப்பி, இரண்டு பாதியும் சேரும் தையல் வாயில் விண்டுவிட்டன. விண்ட இடத்தை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. தெர்மகோல் மண்டபத்தில் அந்துருண்டை பட்ட இடமெல்லாம் குழி. செட்டியார் கடை பொம்மைக்கு முன்னால் வைக்கும் சின்னக் கிண்ணங்களில் துவரம்பருப்பை நான் எடுக்காமலே விட்டிருக்கிறேன். அதில் வண்டு பிடித்துப் பெட்டி முழுக்கப் பரவியிருந்தது. மர மாட்டுவண்டியைத் தூக்கியபோது சக்கரத்திலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டியது.

19 பொம்மைகளைக் காப்பாற்றவே முடியவில்லை. 31 பொம்மைகளுக்கு வர்ணமும் ஒட்டும் வேலையும் தேவைப்பட்டன. பொம்மைக்கு வர்ணம் தீட்டுபவரிடம் 4,200 ரூபாய் கொடுத்தேன். பதிலுக்குப் புதிதாக வாங்கியவற்றுக்கு 11,600. பதினோரு நாள் மாலைநேரம் முழுவதும் துடைப்பதிலேயே போனது. ஒன்பது படி வைக்கும் வீட்டில் அந்த வருஷம் ஐந்து படிதான். பணத்தைவிட என்னை அழ வைத்தது தசாவதார செட். பத்தில் கூர்மமும் வாமனரும் போய்விட்டார்கள். தனியாக ஒன்றிரண்டு வாங்கி அந்த இடத்தை நிரப்ப முடியாது. ஒவ்வொரு பட்டறையின் அச்சும் வேறு, உயரம் வேறு, கண் எழுதும் கையும் வேறு. எட்டுப் பேரை வரிசையாக நிற்க வைத்து நடுவில் இரண்டு இடத்தை வெறுமையாக விட்டபோது, இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் இப்படி ஆனது. காகிதமும் துணியும் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தங்களுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். மழைநாளில் காற்றின் ஈரப்பதம் 85, 90 சதவீதத்தைத் தொடும்போது, தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் செய்தித்தாளுக்குள்ளும் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கும். வறண்ட நாளில் அதே தாளில் ஏறக்குறைய பாதிதான். என் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கிலோ செய்தித்தாள் இருந்திருக்கும். அப்படியென்றால் ஒரு டம்ளர் தண்ணீரோடு மூடியை அடைத்து டேப் ஒட்டியிருக்கிறேன். போதாததற்கு, சுட்ட களிமண் பொம்மையின் உட்புறமும் அடிப்பாகமும் வர்ணம் இல்லாத வெறும் மண். அதுவும் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தண்ணீரை இழுக்கும். பத்து கிராம் சிலிக்கா மூன்று நான்கு கிராம் தண்ணீரை எடுத்ததும் அதன் வேலை முடிந்துவிட்டது. மீதித் தண்ணீர், மழைநாளில் சுவர்ப்பக்கம் குளிரும்போது அந்தப் பக்கத்துப் பொம்மைகளில் போய்ச் சேர்ந்தது. ஈரப்பதம் 65, 70-ஐத் தாண்டி நின்றாலே பூசணத்துக்குப் போதும். தின்பதற்கு டிஸ்டம்பரில் கலந்த பசையும், காகிதக் கூழில் சேர்த்த மைதாப் பசையும் இருக்கின்றன.

நவராத்திரி முடிவதும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் நமக்கு ஏறத்தாழ ஒரே சமயம். அதனால் மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் "பண்டிகை முடிந்ததும் காற்றுப் புகாமல் அடைத்து வையுங்கள்" என்ற யோசனை நம் வீட்டுக்குப் பொருந்தாது. நான் கண்ட வழி, வேலையை இரண்டாகப் பிரிப்பது. விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளை இறக்கிச் சுத்தம் செய்து, துணியில் தளர்வாகச் சுற்றி, மூடாத அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, மேலே ஒரு பழைய பருத்திப் புடவையைப் போர்த்திவிட வேண்டும். லாஃப்டில் ஏற்றக் கூடாது. கட்டிலுக்கு அடியிலோ அலமாரியின் கீழ்த்தட்டிலோ, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு பலகை மேல் இருக்கட்டும். பொங்கல் கழிந்து, பனி ஈரமும் குறைந்த பிறகு, தை கடைசியிலோ மாசியிலோ பெட்டியில் அடைத்து மேலே ஏற்றுங்கள். இறக்குவதற்குத்தான் நாள் கணக்கு உண்டு, அடைப்பதற்குக் கிடையாது. மூன்று நான்கு மாதம் வீட்டுக்குள் இடைஞ்சலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் அடைப்பது என்பதைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது. முன்னூறு ரூபாய் அளவில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கிவிடுங்கள். பொம்மை இருக்கும் அறையில் அது 60 அல்லது அதற்குக் கீழே காட்டும் நாளில் அடையுங்கள். ஒரே நாளிலும் காலையில் ஈரப்பதம் அதிகம், பிற்பகலில் குறைவு. ஒரு மணியிலிருந்து நாலு மணிக்குள் மூடிகளை அடைத்துவிடுவது நல்லது. கடலோர ஊர்களில் பல நாள் 60-க்குக் கீழே வராது. அங்கே ஏசி இருக்கும் அறையில் பொம்மை, சுற்றும் துணி, பெட்டி எல்லாவற்றையும் திறந்து வைத்து, கதவை அடைத்து, எட்டு மணிநேரம் ஏசி ஓடவிட்டு, அறையை விட்டு வெளியே கொண்டுவராமலே கட்டிவிடலாம். பொம்மை மட்டும் காய்ந்திருந்து துணி ஈரமாக இருந்தால் பயனில்லை. இடமே இல்லாமல் அக்டோபரிலேயே கட்டித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கும் இதுதான் வழி. வெயிலில் காய வைக்கலாமா என்றால், துணியையும் பெட்டியையும் வையுங்கள், வர்ணப் பொம்மையை வைக்காதீர்கள். வர்ணம் வெளுக்கும், காகிதக் கூழ் வளையும். மின்விசிறிக் காற்றில் நிழலில் இரண்டு நாள் போதும்.

அடைப்பதற்கு முன் சுத்தம் செய்வது, அழகுக்காக இல்லை, பூச்சிக்காக. பத்து நாள் விளக்குப் புகை படிந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். அதில் தூசி ஒட்டும், கரப்பான் வரும். ஒரு அங்குல அகலமுள்ள மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டுங்கள். மடிப்புகளுக்கும் கிரீடத்துக்கும் வாட்டர் கலர் பிரஷ். ஈரத்துணியை எடுக்கும் முன் பொம்மையின் பின்பக்கத்தில், வர்ணம் உள்ள கீழோரத்தில், ஈரப் பஞ்சால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பஞ்சில் வர்ணம் வந்தால் அது டிஸ்டம்பர். அந்தப் பொம்மைக்கு ஈரமே ஆகாது. வராவிட்டால் எனாமல், பிழிந்த துணியால் லேசாகத் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றலாம். நெற்றியில் வைத்த குங்குமமும் சந்தனமும் விட்டுவைத்தால் கறையாகிவிடும். பூமாலை, பஞ்சுமாலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். செட்டியார் கடைப் பருப்பும் அரிசியும், கலசத்தடி அரிசியும், கொலுவோடு அமைத்த குட்டிப் பார்க்கில் முளைக்கவிட்ட கடுகும் கேழ்வரகும் மண்ணோடு சேர்த்து அன்றே வெளியேறட்டும். கடைக் கிண்ணங்களைக் கழுவிக் காய வைத்துத் தனிப் பையில் போடுங்கள். ஒரு பருப்பு தங்கினாலும் வண்டுக்குப் போதும் என்பதை நான் பார்த்துவிட்டேன்.

இனி சுற்றும் வேலை. இதற்குப் பழைய பருத்தி வேட்டியை மிஞ்சிய பொருள் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஆனால் கஞ்சி போட்ட வேட்டி வேண்டாம். கஞ்சி ராமபாணப் பூச்சிக்கு விருந்து. இரண்டு முறை வெந்நீரில் அலசி, சோப்பும் தங்காமல் காய வைத்து, ஒரு முழச் சதுரமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஓரத்து ஜரிகையை வெட்டி எறிந்துவிடுங்கள், வர்ணத்தைக் கீறும். டவல் துணி கூடாது. அதன் நூல் வளையத்தில் பொம்மையின் விரல் மாட்டி முறியும். பஞ்சை நேரடியாக வைத்தாலும் இதே கதைதான். துணி போதாவிட்டால் அச்சில்லாத வெள்ளை டிஷ்யூ தாள் வாங்கலாம். செய்தித்தாள் வெளிச்சுற்றுக்கும் இடைவெளி அடைப்பதற்கும் மட்டும். வர்ணத்தைத் தொடவே கூடாது. பபுள் ராப் வேண்டுமென்றால் துணிக்கு மேலே, குமிழ்ப் பக்கம் வெளியே இருக்கும்படி, டேப் ஒட்டாமல். எனாமல் பொம்மையை எந்த பிளாஸ்டிக்கும் நேரடியாகத் தொட விடாதீர்கள். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ஒரே கோடையில் உருகி ஒட்டிக்கொள்ளும். துணி நாடாவோ பருத்தி நூலோ போதும்.

உடைவது எப்போதும் பொம்மையின் நடு உடம்பில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் கை, கழுத்து, ஆயுதம், குடை. அதனால் நேராகச் சுற்ற ஆரம்பிக்காதீர்கள். கிருஷ்ணர் என்றால், புல்லாங்குழலுக்கும் மார்புக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தில் துணிச் சுருள் ஒன்றை மெதுவாக நுழைத்து நிரப்புங்கள். கை உடம்போடு ஒன்றாக ஆனதுபோல் இருக்க வேண்டும். கழுத்தைச் சுற்றித் துணிப் பட்டி ஒன்று, தோள் அளவுக்குத் தடிமன் வரும்வரை. அதற்குப் பிறகுதான் மொத்தமாகச் சுற்றுவது. கழற்ற முடிந்த வேல், வாள், குடை, வீணை எல்லாவற்றையும் கழற்றி, ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, அதே பொம்மையின் வெளிச்சுற்றுக்குள் சேர்த்துக் கட்டுங்கள். தனி டப்பாவில் எல்லா ஆயுதங்களையும் ஒன்றாகப் போட்டால் அடுத்த வருஷம் எது யாருடையது என்று திண்டாட வேண்டும். தஞ்சாவூர் ஆட்டக்காரி பொம்மையின் தலை, உடல், பாவாடையைப் பிரித்துத் தனித்தனியே சுற்றுங்கள். கம்பி முனை வளைந்தால் ஆட்டம் போய்விடும்.

சுட்ட களிமண் பொம்மைகள், பண்ருட்டியிலிருந்து வந்தாலும் மதுரை விளாச்சேரியிலிருந்து வந்தாலும், உள்ளே கூடுதான். நிமிர்ந்து நிற்கும்போது எடையைத் தாங்கும்; படுக்க வைத்தால் மூக்கிலும் கைமுட்டியிலும் எடை இறங்கும். அதனால் பெரியவற்றை நிறுத்தி, ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியைச் சுருட்டிய துணியால் இறுக்குங்கள். பெட்டியை லேசாக ஆட்டினால் எதுவும் நகரக் கூடாது. ஒரு பெட்டியில் ஒரே அடுக்கு என்பது நல்லது. இரண்டாவது அடுக்கு போட்டே தீர வேண்டுமென்றால் நடுவில் தடிமனான அட்டை வைத்து, மேலே காகிதக் கூழ் பொம்மை, மரப் பொம்மை போன்ற லேசானவை மட்டும். காகிதக் கூழ் பொம்மை படுத்திருக்கலாம், ஆனால் எதுவும் அதை அழுத்தக் கூடாது. நிரப்பிய பெட்டி 12 கிலோவுக்கு மேல் போனால் ஏணியில் நின்று இறக்க முடியாது; என் 60 லிட்டர் பெட்டிகள் இதற்கு மிகப் பெரியவை. 30, 35 லிட்டர் போதும். துருப்பிடிக்காத பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எலி கடிக்காது, உள்ளே வெள்ளைத் துணி விரித்தால் போதும். அட்டைப் பெட்டி தாற்காலிகத்துக்கு மட்டும். அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டையிடும், கரையானுக்கும் அது தீனி.

அந்துருண்டை பற்றி எனக்கு இப்போது கடுமையான அபிப்பிராயம் உண்டு. அது ஆவியாகிப் பெட்டிக்குள் நிறைந்து, தெர்மகோலையும் சில பிளாஸ்டிக்கையும் இளக்கும். குளிரும்போது பொம்மை மேல் பளபளவென்று படிகமாகப் படியும். ஜி6பிடி குறைபாடுள்ள (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவான) குழந்தைகளுக்கு அந்த ஆவி ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியது. பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். வசம்புத் துண்டும், சருகாகக் காய்ந்த வேப்பிலையும், நாலு கிராம்பும் மெல்லிய துணியில் முடிந்து பெட்டியின் மூலைகளில் வையுங்கள். வேப்பிலை நன்றாக நொறுங்கும் பதத்தில் இருக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் நாமே ஈரத்தைக் கொண்டுபோய் வைத்ததாகும். இவற்றின் வாசம் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்காது, மாற்ற வேண்டும். சிலிக்கா ஜெல் வைப்பதென்றால் மொத்தமாகக் கிடைக்கும் ஆரஞ்சு மணிகளை வாங்கி, 35 லிட்டர் பெட்டிக்கு 150 கிராம் வீதம் துணிப்பையில் தைத்து வைக்கிறேன். ஈரம் குடித்தால் பச்சையாகும்; சமையலுக்குப் பயன்படுத்தாத தட்டில் பரப்பி, ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணிநேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருப்பதால் வீட்டுக்கு அது வேண்டாம்.

மரப் பொம்மைகளை மண் பொம்மைகளோடு சேர்க்காதீர்கள். ஆந்திரத்தின் கொண்டபள்ளிப் பொம்மைகளைச் செய்யும் தெல்ல பொனிகி மரம் மிக மென்மையானது. அங்கங்களை ஒட்டுவது புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த கூழால். பூச்சிக்கு இரண்டுமே பிடிக்கும். ஊசிமுனை ஓட்டையும் அடியில் மாவுத் தூளும் கண்டால் அந்தப் பொம்மையை உடனே பிரித்து, தனிப் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வர்ணமில்லாத மரமென்றால், காற்றை அழுத்தி வெளியேற்றிய பையோடு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளிருக்கும் புழு சாகும். வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் மரத்தின் மேல் வியர்த்துவிடும். கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகளின் பளபளப்பு அரக்கு. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்து போகும், சானிட்டைசரால் துடைத்துவிடாதீர்கள். மரப்பாச்சியை உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். 

சீரியல் லைட்டைக் கழற்றும் முன் எரியவிட்டுப் பாருங்கள், எரியாததைக் கட்டி வைக்க வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்கு அட்டை ஒன்றை வெட்டி, இரண்டு முனையிலும் பிளவு போட்டு, பிளக் முனை வெளியே இருக்கும்படி சுற்றினால் சிக்கு விழாது. பேட்டரியில் ஓடும் விளக்கு, நீரூற்று, ரயில் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியை எடுத்துவிடுங்கள். நான் ஒன்றில் மறந்தேன். கசிந்து முனைகளை அரித்துவிட்டது. ஆல்கலைன் பேட்டரி கசிவு காரமானது, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் அடங்கும். இரும்புப் படியின் போல்ட் நட்டுகளை எண்ணி, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் தடவி, பையில் போட்டு, படியின் காலிலேயே கட்டிவிடுங்கள்.

செட் பொம்மைகளுக்கு அடிப்பாகத்தில் பென்சிலால் எண் எழுதுவது சின்ன வேலை, பெரிய உதவி. தசாவதாரத்துக்கு "த 1" முதல் "த 10" வரை, அஷ்டலட்சுமிக்கு "அ 1" முதல் "அ 8" வரை. கல்யாண செட், வளைகாப்பு செட் போன்றவற்றில் எத்தனை உருப்படி என்பதை எழுதி, ஒரு செட் முழுவதையும் ஒரே பெட்டியில் வையுங்கள். மூடியின் உட்பக்கம் பட்டியல் ஒட்டி, படிக்கட்டையும் திறந்த பெட்டியையும் போட்டோ எடுத்துவிடுங்கள். கொலு வைப்பது மேல்படியிலிருந்து. ஆகவே மேல்படிப் பொம்மைகளும் மரப்பாச்சியும் கலசச் சொம்பும் இருக்கும் பெட்டி லாஃப்டில் கடைசியாக ஏறி, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே பூசணம் பிடித்துவிட்டவர்களுக்கு: முகக்கவசம் போட்டுக்கொண்டு, பால்கனியில் வைத்துப் பிரியுங்கள். ஈரத்துணியை எடுக்காதீர்கள், பூசணம் உள்ளே அழுந்தி வர்ணத்தோடு பரவும். நிழலில் மூன்று நாள் காய்ந்தால் பூசணம் தூளாகும். அப்போது பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். எனாமல் பொம்மைக்கு மட்டும், பின்பக்கத்துக் கீழோரத்தில் சோதித்துவிட்டு, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒற்றலாம். சுற்றியிருந்த தாளையும் துணியையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மண் பொம்மையில் சுத்தமான முறிவை ஃபெவிகால் தடவி, நூலால் கட்டி ஒரு நாள் விட்டால் பிடித்துக்கொள்ளும். துண்டு காணாமல்போன இடத்துக்கு எம்-சீல். இறுகியதும் உப்புத்தாள் போட்டு, அக்ரிலிக் வர்ணம்.

லாஃப்டில் குளியலறைக்கு மேலுள்ளதும், மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டியதும் ஆகாது. வேறு வழியில்லை என்றால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடியில் இரண்டு மரச்சட்டம் போட்டு வையுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் லாஃப்ட் மே மாதத்தில் அடுப்பாகக் கொதிக்கும். எனாமல் பொம்மைகளை அங்கே ஏற்றாமல் அலமாரியில் வைக்கப் பாருங்கள். ஆனி மாதத்தில், வறண்ட பிற்பகல் ஒன்றில், எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து மோந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடும். சிலிக்கா பச்சையாகியிருந்தால் மாற்றி, மூலைகளில் தூள் இருக்கிறதா என்று பார்த்து, மூடிவிடலாம். பெட்டிக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

2024-ல் அக்டோபர் 13 அன்று இறக்கியவற்றை 2025 பிப்ரவரி முதல் வாரத்தில்தான் அடைத்தேன். 2025 செப்டம்பர் 21 அமாவாசையன்று திறந்தபோது பெட்டிக்குள் வைத்திருந்த ஈரப்பதமானி 57 காட்டியது. முந்தைய வருஷம் பூசணம் கண்டவற்றில் இரண்டில் மட்டும் மறுபடி புள்ளிகள் இருந்தன. அந்த இரண்டும் இப்போது தனிப் பெட்டியில், மற்றவற்றோடு சேராமல் இருக்கின்றன. தசாவதாரத்தில் எட்டுப் பேரும் நன்றாக இருக்கிறார்கள்.